அடுத்த சனிக்கிழமை சால்மன் பிடிக்க அழைத்திருக்கிறார்கள்: உரிமம் எங்கே வாங்குவது?

திருவையாற்றுக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். வேலைக்காக இங்கு வந்து சில வாரங்களே ஆகின்றன. எங்கள் பிரிவின் தலைவர் அடுத்த சனிக்கிழமை தம்முடன் சால்மன் பிடிக்க வருமாறு அழைத்தார். மறுக்க மனமில்லாமல் தலையாட்டிவிட்டேன். சிறுவயதில் குடமுருட்டியிலும் வாய்க்கால் மதகடியிலும் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டிருக்கிறேனே தவிர, இறகும் நூலும் கட்டிய ஃப்ளையை வீசி மீன் பிடிப்பதை நேரில் பார்த்ததுகூட இல்லை. விழித்துக்கொண்டு நிற்கக் கூடாதே என்று, ஒருவர் பயன்படுத்திய தூண்டில் கோலையும் ரீலையும் விலைக்கு வாங்கிவிட்டேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் தனியாகப் பழகிப் பார்க்க எண்ணியிருந்தேன். அறைத் தோழரோ, "பிடித்தால் வழக்கு, விசாவுக்கே ஆபத்து" என்கிறார். இரவெல்லாம் உறக்கமில்லை. தயவுசெய்து உடனே பதில் சொல்லுங்கள்.

மன்னார்குடி – வான்கூவர்:
தம்பி, உரிமம் இல்லாமல் தண்ணீரில் நூலையே நனைக்காதீர்கள். கடல்நீர்ப் பகுதிக்குக் கூட்டரசின் உரிமம், ஆற்றுக்கு மாகாண உரிமம், பிடித்த சால்மனை எடுத்துச்செல்வதென்றால் அதற்கு மேல் தனிக் கட்டணம். நான் வந்த புதிதில் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல யாருமில்லை. நிலவறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஓயாத மழையில் இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போய், ஊரில் மேட்டூர் திறந்துவிட்டார்களா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அந்த நிலையில் மீன்பிடிப்பை யார் நினைத்தார்கள்? உங்களுக்கு மேலதிகாரியே அழைப்பது பெரிய கொடுப்பினை.

நாகை – மான்செஸ்டர்:
அண்ணன் சொல்வது கனடாவுக்குப் பொருந்தும். இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் முகமையின் உரிமத்தை அரசின் GOV.UK இணையதளத்தில் வாங்க வேண்டும். சால்மனுக்கான உரிமம் வேறு, மற்ற மீன்களுக்கானது வேறு. ஆனாலும் என்னைக் கேட்டால், உரிமத்துக்கு முன்னால் நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள். முதல் குளிர்காலத்தை ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்வெட்டரோடு தள்ளிய நான் பட்டது போதும்.

மயிலாடுதுறை:
ஏன் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்? ஸ்காட்லாந்தில் தூண்டிலுக்கு உரிமம் என்ற ஒன்றே கிடையாது. என் மைத்துனர் அங்கே இருந்தவர். யார் வேண்டுமானாலும் போடலாம்.

நாகை – மான்செஸ்டர்:
யார் வேண்டுமானாலுமா? அப்படியே கோலை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், தெரியும்.

மன்னார்குடி – வான்கூவர்:
பிடித்துத்தான் என்ன செய்யப் போகிறோம்? சால்மனைப் புளிக்குழம்பில் போட்டால் நெய் மிதக்கிறதே தவிர, விரால் குழம்பின் சுவை வருவதில்லை. இங்கே விரால் கிடைத்தாலும் உறைய வைத்ததுதான். கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டால் பசி போய்விடும்.

கும்பகோணம் (ஊர் திரும்பியவர்):
குழம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தம்பி, எந்த நாடு, எந்த ஆறு என்று நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை. வாங்கிய கோலின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

திருவையாற்றுக்காரன்:
மன்னிக்கவும், ஐயா. ஸ்காட்லாந்தின் அபர்டீன், டீ (Dee) ஆறு. கோலில் ஒன்பது அடி என்றும், பக்கத்தில் 6 என்றும் எழுதியிருக்கிறது.

கும்பகோணம் (ஊர் திரும்பியவர்):
அப்படியானால் நாளைக்கு ஆற்றுக்குப் போகாதீர்கள். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பதைச் சட்டமே தடுக்கிறது. மயிலாடுதுறை நண்பர் சொன்னதில் பாதி சரி: டீ ஆற்றுக்கு அரசு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் அங்கே சால்மன் பிடிக்கும் உரிமை தனிச் சொத்து. கரை நிலம் ஒருவருக்கும் மீன் உரிமை இன்னொருவருக்கும் இருக்கலாம். நம் ஊரில் ஊராட்சிக் குளத்தை ஏலத்தில் எடுத்தவரைக் கேட்காமல் வலை வீச முடியாதல்லவா, அதைப் போலத்தான். அந்த உரிமையோ எழுத்து மூலமான அனுமதியோ இல்லாமல் பிடிப்பது குற்றம். தண்டனை பெற்றால் விசா விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட வேண்டியிருக்கும். உங்கள் அறைத் தோழர் வீணாகச் சொல்லவில்லை.

ஆகவே, சனிக்கிழமைக்கான அனுமதிச் சீட்டில் நீங்களும் அடக்கமா என்று தலைவரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். ஒரே கோலை இருவரும் மாற்றி மாற்றி வீசுவதானாலும், அனுமதி கொடுத்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். டீ ஆற்றில் பருவம் பிப்ரவரி 1 முதல் அக்டோபர் 15 வரைதான் என்பதால், இந்தப் பருவத்தை விட்டால் அடுத்த ஆண்டுக்குத்தான் காத்திருக்க வேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள். பின்னாளில் தனியாகப் போக விரும்பினால், மீன்பிடி அனுமதி விற்கும் ஃபிஷ்பால் (FishPal) இணையதளத்திலும் உள்ளூர் மீன்பிடிச் சங்கங்களிலும் நாள் சீட்டு கிடைக்கும்.

வாய்க்காலில் தக்கை அமிழ்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த பழக்கம் அங்கே உதவாது. முட்டையிட ஆறேறி வரும் சால்மன் நன்னீரில் இரையெடுப்பதில்லை. எரிச்சலிலோ பழைய வேட்டைப் பழக்கத்திலோ ஃப்ளையைக் கவ்வுகிறது என்பார்கள். நீரோட்டத்துக்குக் குறுக்கே சாய்வாகக் கீழ்நோக்கி வீசி, கயிறு வளைந்து கரைப்பக்கம் வந்து சேரும்வரை விட்டுவிட்டு, ஓரிரு அடி கீழே நகர்ந்து மறுபடி வீசுவதுதான் நாள் முழுவதும் வேலை. இழுப்பது தெரிந்தவுடன் கெண்டைக்குச் சுண்டுவதைப் போலச் சுண்டிவிடாதீர்கள். மீன் திரும்பிப் போகட்டும், தூண்டில் முள் தானாகவே வாயோரத்தில் ஏறும். பிறகு கோலை மெல்ல உயர்த்தினால் போதும். ஒன்றுமே இழுக்காத நாள்கள்தான் அதிகம், அதற்காக மனம் தளர வேண்டாம்.

பிடித்தாலும் வீட்டுக்கு வராது. டீ ஆற்றில் சால்மனைத் திரும்ப விட்டுவிடுவதுதான் நடைமுறை. பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் 2023-இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் முள்ளைக் கழற்றுங்கள். பிறகு நீரோட்டத்தைப் பார்த்துத் தலை இருக்கும்படி பிடித்திருங்கள். வால் தானாக உதைத்துக்கொண்டு கிளம்பும்.

ஆற்றில் இறங்கி நிற்க உதவும், மார்பு வரை ஏறும் நீர்புகா உடையை (wader) இரவல் வாங்கினால் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். வழுக்கி விழுந்தால் உள்ளே தண்ணீர் வேகமாகப் புகாமல் தடுப்பது அதுதான். ஊன்றுகோலும் தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும், காற்று மாறினால் முள் முகத்தைக் கடந்துதான் போகும்.

திருவையாற்றுக்காரன்:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் நான் வாங்கிய கோல் வீண்தானா?

கும்பகோணம் (ஊர் திரும்பியவர்):
வீணில்லை. அதிலுள்ள 6 என்பது கோலுக்கு ஏற்ற கயிற்றின் எடை எண். அது டிரவுட் மீனுக்கான ஒற்றைக் கைக் கோல். டீ போன்ற அகன்ற ஆற்றில் சால்மனுக்குப் பதின்மூன்று முதல் பதினைந்து அடி வரை நீளமுள்ள இரட்டைக் கைக் கோல் பிடிப்பார்கள். அதைத் தலைவரே தருவார், புதிதாக வாங்கிவிடாதீர்கள். நாளைக்கு உங்கள் கோலை எடுத்துக்கொண்டு ஆளில்லாத புல்வெளிக்குப் போய், முள்ளைக் கட்டாமல், நுனியில் ஒரு கம்பளி நூல் துண்டை முடிந்து, தலைக்கு மேலாகப் பின்னும் முன்னும் வீசிப் பழகுங்கள். கயிறு பின்னால் முழுவதும் நீளும்வரை பொறுத்திருந்து பிறகுதான் முன்னால் தள்ள வேண்டும். புதியவர்கள் தவறுவது அந்த இடத்தில்தான். கயிற்றைப் பின்னால் முழுவதும் நீட்டாமலே வீசும் ரோல் காஸ்ட், ஸ்பே காஸ்ட் முறைகள் இரண்டும் புல்லில் சரியாக வராது, தண்ணீர் கயிற்றைப் பிடித்தால்தான் வரும். அவற்றைச் சனிக்கிழமை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.