ஒரே மருந்து, ஐந்து நோய்: வெற்றி வாய்ப்பு 41% என்று வருகிறது, எங்கே தப்பு?

எண்கோலம்:
வணக்கம். மருந்து ஆய்வுத் தரவுகளை எக்செலில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு மருந்து, ஒரு நோய் என்றால் ஒரு வரிசை. முதல் கட்டத்தில் நுழைந்த வரிசைகளில் சுமார் 10% அங்கீகாரம் வரை போயிருக்கின்றன. ஐந்து நோய்களுக்குச் சோதிக்கும் மருந்து ஒன்றிலாவது தேறும் வாய்ப்பு எவ்வளவு என்று மேலாளர் கேட்டார். 1-லிருந்து 0.9-இன் ஐந்தாம் அடுக்கைக் கழித்தேன், 41% வந்தது. ஆனால் தாளில் அப்படிப்பட்ட மருந்துகளைக் கையால் எண்ணினால் அவ்வளவு இல்லை. வாய்பாடு சரிதானே?

புள்ளிக்காரன்:
வாய்பாடு சரி, போட்ட இடம்தான் தப்பு. ஐந்தும் தனித்தனி நாணயம் இல்லை. மருந்து கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்தால் ஐந்தும் சேர்ந்தே படுத்துவிடும்.

இரண்டு படியாகப் போட்டுப் பாருங்கள். மருந்து பாதுகாப்பில் தேற 50%, தேறியபின் ஒவ்வொரு நோயிலும் வேலை செய்ய 20% என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு அதே 10%தான். ஆனால் ஒன்றிலாவது தேறும் வாய்ப்பு 34% ஆகிவிடும். ஐந்தும் ஒன்றையொன்று சார்ந்திருப்பது கூடக் கூட அது 10% நோக்கி இறங்கும்.

மாலைநேரம்:
எதை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம் சார். 2014-இல் ஹே குழுவினர் வெளியிட்ட கணக்கில் 4,451 மருந்துகளுக்கு 7,372 நோய்வழிகள் (ஒரு மருந்தை ஒரு நோய்க்குச் சோதிப்பது ஒரு வழி, உங்கள் வரிசை மாதிரி) இருந்தன. எல்லா வழிகளையும் எண்ணினால் முதல் கட்டத்திலிருந்து அங்கீகாரம் 10.4%, மருந்துக்கு முதன்மையான நோயை மட்டும் எடுத்தால் 15.3%. மேலாளர் கேட்பது மருந்தையா, வரிசையையா?

எண்கோலம்:
மருந்தைத்தான். அப்படியென்றால் ஒரு நோயில் தேறியதும் மற்ற நோய்களுக்கும் வாய்ப்பை ஏற்றிவிடலாமா?

புள்ளிக்காரன்:
கொஞ்சம் ஏற்றலாம், கண்ணை மூடிக்கொண்டு இல்லை. வெமுராஃபெனிப் என்ற மருந்து 2011-இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அங்கீகாரம் வாங்கியது. அது குறிவைக்கும் அதே பிராஃப் வி600 மரபணு மாற்றம் உள்ள மற்றப் புற்றுநோய்களில் சோதித்து 2015-இல் முடிவு வந்தது: நுரையீரலில் 19 பேரில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியது, பெருங்குடலில் அந்த மருந்தை மட்டும் வாங்கிய 10 பேரில் ஒருவருக்கும் இல்லை. பெருங்குடல் புற்றுச் செல்கள் இஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி ஏற்பி வழியாக மறுபடி கிளம்பிவிடுகின்றன. இரண்டையும் கலந்து ஒரே சராசரி போட்டால் இரண்டுக்குமே பொய்.

அதனால் படிநிலை மாதிரி போடுங்கள்: மருந்துக்கு ஒரு விளைவு, நோய்க்கு ஒரு விளைவு. ஒரு நோயின் முடிவிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதைத் தரவே சொல்லும். ஆனால் ஒரு மருந்துக்கு ஐந்தே நோய் என்றால் தரவு ரொம்பப் பேசாது, நோய்க்கு நோய் எவ்வளவு மாறும் என்று நீங்கள் முதலில் வைக்கும் ஊகம்தான் விடையை ஆளும். அதை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பார்க்காமல் மேலாளரிடம் போகாதீர்கள்.

மாலைநேரம்:
அப்புறம், இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளைத் தோல்விக் கணக்கில் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

எண்கோலம்:
போட்டிருக்கிறேன் சார். காலியாக இருந்த கட்டங்களை எல்லாம் எக்செல் 0 என்றே எடுத்திருக்கிறது. அப்படியானால் அந்த 10%-உம் உண்மையைவிடக் குறைவுதான். முதலில் அதைத் திருத்திவிட்டு வருகிறேன்.