மறுமொழி: நெல் இலையின் பச்சை பார்க்கும் அட்டை – ‘பச்சைப்படி’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம். நெல் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்த்து எப்போது யூரியா போடலாம் என்று முடிவு செய்ய உதவும் ‘இலை வண்ண அட்டை’க்கு நல்ல தமிழ்ப் பெயர் தேடுகிறோம். இதுவரை வந்த யோசனைகளுக்கு என் பதிலும், என் பரிந்துரையும் இதோ.

> ‘பயிர்ச்சத்துக் காட்டி’ என்றால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். அந்த அட்டை காட்டுவது தழைச்சத்து (நைட்ரஜன்) ஒன்றைத்தான். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) போதுமா என்று அதனிடம் கேட்க முடியாது. ‘சத்துக் காட்டி’ என்று பெயர் வைத்தால், அட்டை சரியாக இருக்கிறதென்று பொட்டாஷையும் நிறுத்திவிடுவார்கள்.

> ‘இலைநிறமானி’?

மானி வேண்டாம் என்பது என் கருத்து. வெப்பமானி, மழைமானி எல்லாம் அளவை எண்ணாகத் தருபவை. நெல் இலையைக் கவ்விப் பிடித்து எண் காட்டும் மின்கருவியும் இருக்கிறது. ‘பச்சையமானி’ என்ற சொல்லை அதற்கு விட்டுவைப்போம். இங்கே அளப்பது விவசாயியின் கண். கையில் இருப்பதோ வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை கட்டங்கள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஜப்பானில் பிறந்த இந்த உத்தியைப் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1990களில் ஆசிய நாடுகளின் உழவர்களிடம் கொண்டுசென்றது. வியட்நாமில் இதற்கு ‘பாங் ஸோ மாவ் லா லுவா’ என்று பெயர்: நெல் இலையின் நிறத்தை ஒப்பிடும் பலகை. ‘ஸோ’ என்பதுதான் ஒப்பிடுதல். செய்ய வேண்டிய வேலை பெயரிலேயே இருக்கிறது. நம் ‘இலை வண்ண அட்டை’யில் அது இல்லை.

அது இல்லாததால் என்ன ஆகிறது என்பதை நேரில் பார்த்தவன் நான். மன்னார்குடிப் பக்கம் களப்பணியில் இருந்தபோது ஒரு பெரியவருக்கு இந்த அட்டையைக் கொடுத்தேன். மறுமாதம் போய்க் கேட்டால், “பத்திரமா இருக்கு தம்பி” என்று பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டோடும் மண்வள அட்டையோடும் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். அரசாங்கம் கொடுக்கும் அட்டையைப் பத்திரப்படுத்தத்தானே செய்வார்கள்? நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒருமுறை அதை வயலுக்கு எடுத்துப் போக வேண்டும். காலை 8 மணிக்கு மேல் 10 மணிக்குள், நோயில்லாத பத்துக் குத்துகளில் (சேர்த்து நட்ட நாற்றுக் கொத்துகளில்), மேலே முழுசாக விரிந்த இலையைப் பறிக்காமல், வெயில் விழாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு அட்டைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். நாளும் நேரமும் குறித்துச் செய்கிற வேலை இது. நான் அன்று அவருக்கு ‘அட்டை’ என்ற சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னொன்று, ‘வண்ணம்’. நம் ஆட்கள் பயிரைப் பற்றி வண்ணம் என்று பேசுவதில்லை. “பச்சை கட்டிடுச்சு”, “வெளுத்துக் கெடக்கு”, “கருகருன்னு நிக்குது” என்பார்கள். அந்தக் ‘கருகரு’வில்தான் சிக்கல். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருந்தால் மனசு கேட்காமல் ஒரு மூட்டை யூரியாவை வீசிவிடுவார்கள். பிறகு புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும், பொன்னி சாயும். ஆகவே ‘பச்சை’ பெயரில் இருக்கட்டும், ‘இவ்வளவு போதும்’ என்ற அளவும் இருக்கட்டும்.

என் பரிந்துரை: பச்சைப்படி. படி என்றால் நெல் அளக்கும் படி. ஏறி இறங்கும் படியும் அதுதான். அட்டையின் ஒவ்வொரு கட்டமும் பச்சையின் ஒரு படி. கருவியின் முழுப் பெயர் ‘பச்சைப்படி அட்டை’. இலையின் பச்சை எந்த அளவுக்குக் கீழே போனால் மேலுரம் (வளரும் பயிருக்கு இடையில் போடும் உரம்) இட வேண்டுமோ அதை ‘நெருக்கடி மதிப்பு’ என்று சில கையேடுகளில் போட்டிருக்கிறார்கள். படிக்கிறவருக்குப் பயம்தான் வரும். அதை ‘வரம்புப் படி’ என்று சொல்வோம். வெள்ளைப் பொன்னிக்கு வரம்புப் படி 3, மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டுகளுக்கும் 4. பார்த்த பத்து இலைகளில் பாதிக்கு மேல் வரம்புப் படிக்குக் கீழே இறங்கியிருந்தால் உரம் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் பாருங்கள். இப்படிச் சொன்னால் வரப்பில் நின்றே விளக்கிவிடலாம்.

குறைகளைச் சொல்லுங்கள்.

---

ஐயா, ‘படி’ எனக்கும் பிடித்திருக்கிறது. இரண்டு தடைகள் தெரிகின்றன. அலுவலகக் காதில் அது பயணப்படி, அகவிலைப்படி வரிசையில் விழும். ‘பச்சைப்படி எப்போது வரும்’ என்று கேட்பார்கள். இரண்டாவதுதான் பெரிது. இப்போது புழங்கும் நான்கு கட்ட அட்டையில் எண்கள் 2, 3, 4, 5. முதல் கட்டத்தின் எண்ணே 2. ‘நாலாம் படி’ என்று சொன்னால் விவசாயி நாலாவது கட்டத்தை எண்ணிப் பிடிப்பார். அதில் அச்சிட்டிருப்பது 5. வரம்பு 4 ஆக இருக்கும் ரகத்துக்கு அவர் 5ஐ வைத்துப் பார்த்து, தேவையில்லாமல் யூரியா போடுவார்.

---

இரண்டாவதை நான் யோசிக்கவே இல்லை அம்மா, மிக்க நன்றி. பழைய ஆறு கட்ட அட்டையில் எண்கள் 1 முதல் 6 வரை ஓடும்; அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். ‘நாலாம் படி’ என்ற வழக்கை விலக்கி, ‘படி 4’ என்று அச்சில் உள்ள எண்ணை மட்டுமே சொல்வது என்று வரையறையில் சேர்த்துவிடுகிறேன். பேச்சில் ‘நாலு போட்ட கட்டம்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதல் தடைக்கு, ‘பச்சைப்படி’யைத் தனியாக விடாமல் எப்போதும் ‘பச்சைப்படி அட்டை’ என்றே எழுதலாம். அட்டை என்ற சொல் வேண்டாமென்று தொடங்கியவன் நான். ஆனால் பல்கலைக்கழகக் கையேடுகளில் ‘இலை வண்ண அட்டை’ ஊன்றிவிட்டது, அதைத் தேடி வருகிறவர் வழி தவறக் கூடாது. நம் கலைச்சொல் பதிவில் அதையும் மாற்றுப் பெயராகக் கொடுத்திருக்கிறேன். ‘வரம்புப் படி’க்கு மறுப்பு இருந்தால் குறுவை நடவுக்கு முன் சொல்லிவிடுங்கள். இந்தப் பருவத்தில் பத்துப் பேரிடம் இதே சொற்களில் பேசிப் பார்க்கப் போகிறேன்.