மாவு ஏன் பழுப்பா இருக்கு?

கேமரா வாங்கிய புதிதில் உங்கள் படத்தைப் பார்த்து யாரோ சொன்ன ஏதாவது இன்னும் காதில் நிற்கிறதா? பாராட்டைக் கேட்கவில்லை, திட்டையும் கேட்கவில்லை. மறுநாள் கேமராவைத் தூக்கும்போது கையை வேறு மாதிரி வேலை செய்ய வைத்த பேச்சு. இருந்தால் எழுதுங்கள். கேட்டவன் முதலில் சொல்வதுதான் முறை, அதனால் நான் ஆரம்பிக்கிறேன்.

எனக்கு வீடு அம்மாபேட்டை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை, அதோடு சேர்ந்தே வரும் 18-55 கிட் லென்ஸோடு வாங்கினேன். முதல் ஆறு மாதம் எல்லோரும் போகிற சுற்றுதான்: மூக்கனேரியில் சூரிய உதயம், ஏற்காடு மலைப்பாதையில் வண்டியை ஓரங்கட்டி ராத்திரிச் சேலத்தின் விளக்குகள், மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. (சேலத்தில் கேமரா வாங்கிவிட்டு அந்த வளைவை எடுக்காதவர் இருந்தால் எனக்கு அறிமுகப்படுத்துங்கள்.) எடுத்தது எல்லாம் அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். சித்தி கைதட்டுவார், மாமா கட்டைவிரல் காட்டுவார், பெரியப்பா எந்தப் படம் போட்டாலும் 'வாழ்க வளமுடன்' என்று அனுப்புவார். கேலி செய்யவில்லை. அந்தக் கட்டைவிரல்கள் இல்லாவிட்டால் கேமராவை இரண்டாம் மாதமே விற்றிருப்பேன். ஆனால் ஆறாம் மாதத்துப் படமும் முதல் வாரத்துப் படமும் ஒரே மாதிரி இருந்தன. ஏதோ சரியில்லை என்று தெரிந்ததே தவிர, என்னவென்று பிடிபடவில்லை.

அந்தத் தை மாதம் ஆத்தூர் ரோட்டுப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போனேன். சொந்தக்காரர் ஒருவர் அங்கே கணக்குப் பார்க்கிறார். பார்க்காதவர்களுக்கு: குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, பாலெடுத்து, தொட்டியில் தெளிய விடுவார்கள். அடியில் தங்கிய மாவை அள்ளிச் சிமெண்ட் களத்தில் காய வைப்பார்கள். ஏக்கர் கணக்கில் வெள்ளை. வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. தலையில் துண்டு கட்டிய பெண்கள் அதன் நடுவில் பலகையால் மாவைத் தள்ளிக்கொண்டு போவார்கள். கேமரா வைத்திருப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு மணி நேரத்தில் இருநூறு படம்.

அதில் ஒரு அம்மாவை நிறைய எடுத்திருந்தேன். அறுபதுக்கு மேல் இருக்கும். டீ நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேமராத் திரையைக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, மாவு இப்படிப் பழுப்பா இருக்கு?"

"கேமராவுல அப்படித்தாங்க தெரியும்."

"எங் கண்ணுக்கே வெள்ளையாத் தெரியுது, இதுக்குத் தெரியாதா? இந்த நெறத்துல கொண்டுபோனா ஏலத்துல எவன் கேப்பான்?"

அவருக்கு அது விளையாட்டுப் பேச்சு இல்லை. சேலத்தில் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் மாதிரியைப் பார்த்துத்தான் விலை வைப்பார்கள். வெள்ளை குறைந்தால் விலையும் குறையும். வாழ்நாள் முழுக்க வெள்ளையைப் பார்த்துப் பழகிய கண் அது. எனக்கோ எரிச்சல். இவருக்கு கேமராவைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், இருநூறும் அழுக்கு. வெள்ளி மாதிரி மின்னிய களம், மழைக்கு முந்தைய வானம் மாதிரி கிடந்தது.

செவ்வாய்பேட்டையில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர், ஃபிலிம் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணங்களை எடுத்தவர். அப்பாவை விட மூத்தவர், ஆனாலும் ஊரே அண்ணா என்பதால் எனக்கும் அண்ணாதான். அவரிடம் லேப்டாப்போடு போய் நின்றேன்.

"இருநூறுல பத்து எடுத்து வை," என்றார். எனக்கு எடுக்கத் தெரியவில்லை. "உனக்கே பத்து தெரியலைன்னா நான் எதுக்கு இருநூறைப் பார்க்கணும்? போயிட்டு நாளைக்கு வா."

அடுத்த நாள் பத்தோடு போனேன். அந்த அம்மா கேட்டதைச் சொன்னதும் சிரித்தார். "கேமராவுக்கு எது மாவு, எது கரின்னு தெரியாதுப்பா. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல்னு நினைச்சுத்தான் வெளிச்சத்தை அளக்கும். களம் முழுக்க வெள்ளைன்னா, அய்யோ வெளிச்சம் ஜாஸ்தின்னு பயந்து குறைச்சிடும். எருமையை ஃபிரேம் முழுக்க எடுத்துப் பாரு, வெளுத்துப் போயிருக்கும்." அந்தச் சாம்பலைத்தான் புத்தகங்களில் 18 சதவீதச் சாம்பல் என்று எழுதுகிறார்கள் என்பது பிறகு படித்தது. கேமரா அளந்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1இல் ஆரம்பித்து, படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் போய் முட்டாத அளவுக்கு ஏற்றச் சொன்னார். "திரையைப் பார்த்து முடிவு பண்ணாதே, வெயில்ல அது பொய் சொல்லும். ஃபிலிம் காலத்துல நான் பட்டு வேட்டி மாப்பிள்ளையை ஒரு ரோலோட 36 படத்துக்குள்ள எடுத்து முடிக்கணும். கழுவி வந்தப்புறம் வேட்டி பழுப்புன்னா, தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?"

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இன்றுவரை உதவுகிறது. ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு மூலையை உள்ளங்கையால் மறைப்பார். "இப்ப ஏதாவது குறையுதா?" "இல்லை." "அப்ப அது எதுக்கு அங்க இருக்கு?" அவ்வளவுதான், அடுத்த படம். ஒரே ஒரு படத்தில் நின்று, "இந்தம்மா தலையில கரண்ட் கம்பத்தை நட்டது யாரு?" என்றார். எடுத்தபோது நான் பார்க்கவே பார்க்காத கம்பம்.

அடுத்த ஞாயிறு மறுபடி களத்துக்குப் போனேன். +1.3 வைத்து எடுத்து, அதே அம்மாவிடம் காட்டினேன். "ம், மாவு சரியாயிடுச்சு. எம் மூஞ்சி எங்க?" உச்சி வெயில். தலைத்துண்டின் நிழலில் முகம் முழுக்கக் கறுப்பு. "காலைல ஏழரைக்கு வா. அப்பத்தான் கொட்டுவோம், வெயிலும் சாய்வா வரும்."

என் முறை முடிந்தது. அடுத்தவர் சொல்லுங்கள்.

* * *

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மூடுபனிக்கும் அதே கதைதான், பனியை எடுத்தால் புகை மாதிரி விழும். +1 வைக்கத் தெரிய எனக்கு இரண்டு சீசன் ஆனது, உங்களுக்கு ஒரு வாரம்.

எனக்குக் கிடைத்தது காப்பித் தோட்டத்தில். இங்கே 1820 வாக்கில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி. மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால், பத்து நாள் போல் கழித்து மலையே வெள்ளையாகப் பூக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். 50 எம்எம் லென்ஸின் துளையை எஃப் 1.8 வரை அகலத் திறந்து வைத்து, பூ மட்டும் தெளிவாக, பின்னால் எல்லாம் கரைந்து போகிற மாதிரி எடுத்தேன். எனக்கு அது உலகத்தரம். எஸ்டேட் மேஸ்திரியிடம் காட்டினேன்.

"மல்லிகைங்களா?"

"காப்பிப் பூங்க!"

"அப்படியா. காப்பின்னு எங்க இருக்கு?"

இலையின் பளபளப்பு இல்லை, கணுவுக்குக் கணு கொத்தாகப் பூ ஒட்டியிருப்பது தெரியவில்லை, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் வெறும் பச்சைக் குழம்பு. மறுநாளே கேமராவோடு ஓடினேன், பூ பழுப்பேறிவிட்டது. திருத்தி எடுக்க ஒரு வருடம் காத்திருந்தேன். இந்த முறை துளையைச் சுருக்கி எஃப் 8. மேஸ்திரி பார்த்துவிட்டு, இது தோட்டத்தில் எந்தப் பகுதி என்றே சொல்லிவிட்டார்.

* * *

நான் குகைப் பக்கம், வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. ஆன்லைனில் விற்க அப்பாவுக்காகக் கொலுசுகளைப் படம் எடுக்க ஆரம்பித்ததுதான் என் தொடக்கம். எதை எடுத்தாலும் வெள்ளிமேல் கறுப்புத் திட்டு, நடுவில் சிவப்புக் கோடு.

தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். பெரிய லென்ஸெல்லாம் வைத்திருப்பவர். படத்தை முழுதாக மூன்று விநாடிகூடப் பார்க்கவில்லை. "கிட் லென்ஸ்ல இதெல்லாம் வராதும்மா, மேக்ரோ வாங்குங்க." சின்னப் பொருளைக் கிட்டத்தில் எடுக்கிற அந்த லென்ஸைச் சீட்டுப் பணம் எடுத்து வாங்கினேன். இப்போது கறுப்புத் திட்டும் சிவப்புக் கோடும் மிகத் துல்லியமாக, ஊசி முனை மாதிரி விழுந்தன.

அப்பாவுக்கு மொபைலில் படம் எடுக்கவே வராது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "நீ சுடிதார் மாத்திட்டு வா" என்றார். எனக்குக் கோபம். "மெருகு போட்ட வெள்ளி கண்ணாடி மாதிரிம்மா. அதுக்குன்னு சொந்த நெறம் கிடையாது. எதிர்ல என்ன இருக்கோ அதைத்தான் காட்டும். சிவப்புச் சுடிதார்ல குனிஞ்சு நிக்கிற, கையில கறுப்புக் கேமரா." சொல்லிவிட்டு அவருடைய பழைய வேட்டியைக் கொடியில் கட்டி, கொலுசைச் சுற்றிக் கூடாரம் மாதிரி விட்டார். வெளியே இருந்து டியூப் லைட். வேட்டியின் இடுக்கில் லென்ஸை மட்டும் நுழைத்து எடுத்தேன். முதல் முறையாக வெள்ளி வெள்ளியாக விழுந்தது. கொஞ்சம் வெளுப்பாகக்கூட விழுந்தது. ஒரு பக்கம் கறுப்பு அட்டை வைத்ததும் சலங்கையின் உருண்டை வடிவம் தெரிந்தது.

அந்த மேக்ரோ லென்ஸ் வீண் இல்லை, திருகாணியின் மரை வரைக்கும் காட்டுகிறது. ஆனாலும் அந்த மூன்று விநாடியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும். படத்தைப் பார்க்காமலே கடைக்கு வழி சொல்கிறவர்கள் நம்மிடையே நிறைய.

* * *

எல்லோரும் கேட்டதைச் சொல்கிறீர்கள். நான் சொன்னதைச் சொல்கிறேன், பெருமையாக இல்லை.

சில வருடம் முன்பு ஆடித் திருவிழா, கோட்டை மாரியம்மன் கோவில் வாசல். ஒரு கல்லூரிப் பையன் கேமராத் திரையைக் காட்டி, எப்படி இருக்குண்ணா என்றான். ராத்திரி, கூட்டம், தீச்சட்டி ஏந்திய ஒரு பெண். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். ஷட்டர் 1/20 விநாடி, அதனால் ஆட்டம். ஃபோகஸ் முகத்தில் இல்லை, சட்டியில். சாய்ந்திருக்கிறது. சீரியல் லைட் கண்ணை இழுக்கிறது. கை வெட்டுப்பட்டிருக்கிறது. இன்னும் நாலு. மொத்தம் ஒன்பது எண்ணினேன், விரலை மடக்கி. எல்லாமே சரிதான், ஒன்றுகூடப் பொய் இல்லை. "சரிங்ண்ணா" என்று கேமராவைப் பைக்குள் வைத்தான். திருவிழா இன்னும் பாதிகூட முடியவில்லை, பைக்குள் வைத்துவிட்டான். அதைத்தான் மறக்க முடியவில்லை.

ஐஎஸ்ஓவை (கேமராவின் வெளிச்ச உணர்வு) 3200க்கு ஏற்று, ஷட்டர் 1/125க்கு வரும் என்று அந்த ஒன்றை மட்டும் சொல்லியிருந்தால் அடுத்த தீச்சட்டிக்கே அவன் ஓடியிருப்பான். சாய்வும் சீரியல் லைட்டும் எங்கே போய்விடப்போகின்றன, அடுத்த ஆடிக்குப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது யாராவது படம் காட்டினால், இதில் எதைக் காட்ட நினைத்தீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். பாதிப் பேருக்குப் பதில் சொல்லும்போதே தப்பு தெரிந்துவிடுகிறது, எனக்கும் வேலை மிச்சம்.

முதலில் எழுதிய தம்பிக்கு ஒரு கேள்வி: காலை ஏழரைக்குப் போனீர்களா இல்லையா?

* * *

போனேன் அண்ணா. ஏழேகாலுக்கே. வெயில் பக்கவாட்டில் விழுந்தது, மாவில் பலகை இழுத்த கோடெல்லாம் நிழலோடு எழுந்து நின்றது, முகமும் வெளிச்சமாக விழுந்தது. ஸ்டுடியோ அண்ணா பத்தில் இரண்டைத் தேறும் என்றார். ஒன்றை எட்டுக்குப் பத்து பிரிண்ட் போட்டு அந்த அம்மாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு கையாலும் வாங்கித் துண்டால் துடைத்தார். மாவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானே, "இந்த மேல் மூலை மட்டும் வேண்டாதது, வெட்டியிருக்கணும்" என்று உள்ளங்கையை வைத்து மறைத்தேன். அண்ணாவிடம் கற்ற பாடம் இல்லையா.

என் கையைத் தள்ளிவிட்டார். அந்த மூலையில், கொட்டகை நிழலில், மேஸ்திரி மூட்டைமேல் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் கவனிக்கவே இல்லை. அந்த அம்மா மற்ற பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். களமே சிரித்தது.

"இதை மட்டும் பெருசாப் போட்டு இன்னொண்ணு கொடு தம்பி," என்றார். "எம் மூஞ்சி வேணாம்."