எழுபது தாண்டுனவுகளுக்கு மைண்ட்ஃபுல்னஸா, பேச்சுத்துணையா?

வண்டியூர்க்காரன்: அம்மா போய் ஒன்றரை வருசம். அப்பாவுக்கு 74. ராத்திரி 2 மணிக்கு முழிச்சு, வாசல் கேட்டு பூட்டியிருக்கானு ஆட்டி ஆட்டிப் பாப்பாரு. ரெண்டு மாசமா காலையில தெப்பக்குளத்தைச் சுத்தி நடந்துட்டு, திண்டுல உக்காந்து 20 நிமிசம் மூச்சைக் கவனிக்கிறாரு. மைண்ட்ஃபுல்னஸ்ங்கிறாகளே, அதுதான். கேட்டுச் சத்தம் நின்னுருச்சு. உங்க வீட்டுப் பெருசுகளுக்கும் பழக்கி விடுங்க.

கீழவாசல் ராசா: அண்ணே, கோவிச்சுக்காதீங்க. தெப்பக்குளத்துல நாலு பேரு "என்ன, நேத்து ஆளைக் காணோம்?"னு கேட்டிருப்பாக. அதுதான் மருந்து. பேரு மட்டும் மூச்சுக்கா? எங்க பெரியப்பாவை ஒரு வகுப்புல 4,000 ரூவா கட்டிச் சேத்தோம். சம்மணம் போட்டு உக்கார வச்சதுல மூட்டு வீங்கிருச்சு. கண்ணை மூடுனா செத்துப்போன தம்பி முகந்தான் வருதுன்னு அழுதாரு. அதுக்கு அங்க இருந்த பொண்ணு, "எண்ணத்தைக் கடந்து போக விடுங்க ஐயா"ங்குது. தம்பி என்ன டவுன் பஸ்ஸா?

வண்டியூர்க்காரன்: அது சொல்லிக் கொடுத்தவுக கோளாறு. நாற்காலியிலயே செய்யலாம். ஜான் கபாட்-ஜின் 1979ல அமெரிக்காவுல இந்தப் பயிற்சியை ஆரம்பிச்சப்ப வந்தவுகள்ல நெறையப் பேரு தீராத வலிக்காரவுகதான். 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு. 55லருந்து 85 வயசுக்காரவுக 40 பேரு. பயிற்சி எடுத்தவுகளுக்குத் தனிமை உணர்வு குறைஞ்சிருக்கு.

கீழவாசல் ராசா: 40 பேரா! எங்க தெருக் கல்யாணத்துல மொதப் பந்தியே அதைவிடப் பெருசு. 2022ல ஜாமாங்கிற அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்ததைப் பாருங்க. மறதின்னு குறைப்பட்ட 585 பேரு, 65லருந்து 84 வயசு, ஒன்றரை வருசம். இந்தப் பயிற்சியால ஞாபகசக்தி ஒண்ணும் கூடலை.

வண்டியூர்க்காரன்: ஞாபகத்தை யாருப்பா கேட்டா? எங்கப்பாவுக்கு ஞாபகம் கூடிப்போய்த்தான் தூக்கமே வரலை.

பழைய நர்ஸம்மா: "மனசு சரியில்லை"ன்னு நம்மூருப் பெருசுக வாய்விட்டுச் சொல்லாதுக. "கைகாலு குடையுது", "சோறு எறங்கலை"ம்பாக. வயசானவுகளோட மனச்சோர்வைக் கண்டுபிடிக்கன்னே 15 கேள்வி இருக்கு, ஆமா-இல்லைன்னு சொன்னாப் போதும். மொதல்ல டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போங்க. தைராய்டு, பி12 வைட்டமினும் பாத்துருங்க. கண்ணை மூடுனா அழுகை கூடுதுன்னா மூட வேணாம். நடக்கையில பாதம் தரையில படுறதைக் கவனிக்கச் சொல்லுங்க. வண்டியூர்த் தம்பி, அப்பாவுக்குச் சுகர் பாத்தாச்சா? ராத்திரி முழிப்புக்கு அதுவும் காரணமா இருக்கும்.

வண்டியூர்க்காரன்: பாக்கலைங்கம்மா. இந்த வாரமே பாத்துர்றேன்.

தெக்குவாசல் பெருசு: எனக்கு 71. எங்களைப் பத்தி எங்களைத் தவிர எல்லாருட்டயும் கேட்டாச்சு போல. தினம் சாயந்தரம் பொற்றாமரைக் குளத்துப் படியில உக்காருவேன். தண்ணியில கோபுரம் ஆடும். அது ஆடி அடங்குற வரைக்கும் பாப்பேன், அம்புட்டுத்தேன். எங்க வீட்டம்மா இருந்தப்ப பக்கத்துல உக்காந்து மூட்டுவலிக் கதையா சொல்லிக்கிட்டே இருப்பா. இப்ப அந்த இடத்துல என் பையை வச்சுக்கிர்றேன். யாராவது உக்காந்து பேச்சுக் கொடுத்தா எந்திரிச்சுப் போயிருவேன். ராசாத் தம்பி, பேச்சுத்துணை எல்லாருக்கும் ஆகாது.

கீழவாசல் ராசா: சரிங்கய்யா. பெரியப்பாவை ஒருநா அங்க கூட்டியாரவா?

தெக்குவாசல் பெருசு: வரட்டும். அடுத்த படியில உக்காரச் சொல்லு. பேசக் கூடாது.