அதே அளவு, வேறு தூள்: கோபால்ட் ஃபெரைட்டில் எங்கே பிசகு?

ஃபெரைட் மாணவி:
கிளைசினை எரிபொருளாகப் போட்டு, கரைசலைச் சூடாக்கிப் பற்றவைக்கும் எரிப்பு முறையில் கோபால்ட் ஃபெரைட் (இரும்பும் கோபால்ட்டும் சேர்ந்த காந்த ஆக்சைடு) செய்கிறேன். இரும்பு நைட்ரேட் 8.08 கிராம், கோபால்ட் நைட்ரேட் 2.91, கிளைசின் 3.33. போன மாதம் ஹாட் பிளேட்டில் குப்பென்று பற்றி, கறுப்பாக, பஞ்சு மாதிரி தூள் வந்தது. காந்தம் காட்டியதும் ஓடி வந்து ஒட்டியது. இந்த வாரம் பொங்கிவிடுமோ என்ற பயத்தில் சூட்டை இரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். தீயே வரவில்லை, ஓரத்திலிருந்து கங்கு ஊர்வது போலப் புகைந்தது. தூள் செம்பழுப்பு. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிக வகையைக் காணும் சோதனை) ஃபெரைட்டின் 35.5 டிகிரி பீக்கோடு 33.2-இலும் ஒன்று நிற்கிறது. கிளைசினைக் கூட்டட்டுமா?

பழைய உலை:
கூட்ட வேண்டாம்மா, கணக்கு சரிதான். ஒரு மோல் ஃபெரைட்டுக்கு 4.44 மோல் கிளைசின், அதைத்தான் போட்டிருக்கிறீர்கள். 33.2 ஹெமடைட், அதாவது வெறும் இரும்பு ஆக்சைடு; அந்த நிறமும் அதனுடையதே. மெல்லச் சூடேற்றினால் நைட்ரேட்டும் கிளைசினும் பற்றுவதற்கு முன்பே சிதைந்து வாயுவாகப் போய்க்கொண்டிருக்கும். பற்றும்போது எரிய மிச்சம் குறைவு, சூடு பத்தாமல் இரும்பில் ஒரு பங்கு ஸ்பினலில் (ஃபெரைட்டின் படிக அமைப்பு) சேராமல் தனியே நின்றுவிடும்.

நானும் ஹாட் பிளேட்டின் டயலை நம்பியிருந்தவன்தான். ஒருநாள் கரைசலுக்குள் தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) செருகிப் பார்த்தேன்: தட்டு 300, உள்ளே 110. தண்ணீர் வற்றும்வரை அது ஏறவே இல்லை. அன்றிலிருந்து நோட்டில் தட்டின் சூட்டை எழுதுவதில்லை. ஜெல் ஆனதிலிருந்து பற்றும்வரை எத்தனை நிமிடம் என்றுதான் எழுதுகிறேன்.

80 டிகிரியில் தேன் பதம் வரும்வரை சுண்டவிட்டு, முன்பே 500-க்கு ஏற்றிய மஃபிள் உலைக்குள் (மூடிய மின் உலை) வையுங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கே. சி. பாட்டீல் குழு 1980-களில் யூரியா வைத்து அலுமினா செய்ததும் 500 டிகிரி உலையில்தான்.

ஃபெரைட் மாணவி:
நன்றி அண்ணா. ஆனால் வேகமாக எரிந்தால் துகள் பெருத்துவிடாதா? எனக்கு 20 நானோமீட்டர் வேண்டும்.

எரிபொருள் கணக்கர்:
கொஞ்சம் பெருக்கும். அதற்கு மெதுவான சூடு மருந்தல்ல. கிளைசினைச் சற்றுக் குறையுங்கள், தீயின் சூடு தணியும். அகலமான பாத்திரத்தில் மெல்லிய படலமாக ஊற்றினால் எரிந்ததும் சீக்கிரம் ஆறும். செம்பழுப்புத் தூளை 900-இல் சுட்டால் ஹெமடைட் மறையலாம், ஆனால் 20 நானோவை மறந்துவிட வேண்டியதுதான்.

பழைய உலை:
சரி, இன்னொன்று. உலையும் ஃப்யூம் ஹுட்டுக்குள் (புகையை வெளியே இழுக்கும் கூண்டு) இருக்கட்டும். எரியும்போது வரும் பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அதைச் சுவாசித்தால் நுரையீரல் பாதிப்பு உடனே தெரியாமல் இரவில்கூட வரும். பாத்திரத்தில் கால் பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.