பிரேக் பெடல் தானா கீழ இறங்குது, உதவி வேணும்

வணக்கம் அண்ணன்மாரே, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன். என் காடி (கார்) புரோட்டோன் சாகா பிஎல்எம் 2010, மேனுவல் கியர். 3 வாரமா சிக்னல்ல பிரேக்க மிதிச்சுப் பிடிச்சா பெடல் மெதுவா தரைக்கே போயிருது, டக் டக்னு ரெண்டு தடவ மிதிச்சா திரும்ப மேல வருது, ஆனா பிரேக் ஆயில் டப்பால ஒரு சொட்டுகூட குறையல, அதான் மண்டைய குடையுது. லைன்ல காத்து எடுத்தாச்சு, டாட் 3 ஆயில் புதுசா ஊத்தியாச்சு, பின் டிரம் கழட்டிப் பாத்தேன் வீல் பம்ப் (சக்கரத்துல பிரேக்க அழுத்துற சிலிண்டர்) காஞ்சுதான் இருக்கு, பூஸ்டர் (மிதிக்கிற பலத்த கூட்டுற பாகம்) பக்கமும் ஈரம் இல்ல. பட்டறை போமன் (மெக்கானிக்) பிரேக் பேட் மாத்தச் சொன்னாரு, மாத்தியும் அதே கதைதான். செம்பனைக்காட்டு இறக்கத்த நெனச்சா பயமா இருக்கு, காடி இப்ப வீட்டுலதான் நிக்குது. மாஸ்டர் பம்ப் (பெடல மிதிச்சா ஆயில லைனுக்குத் தள்ளுற பம்ப்) உள்ள ரப்பர் தேஞ்சுருச்சுன்னு எனக்குத் தோணுது, ரப்பர் கிட் மட்டும் மாத்துனா போதுமா இல்ல முழு பம்பையே மாத்தணுமா?