கலைச்சொல்: அமெரிக்க மாநிலங்களின் 'டிரஷரர்' - 'மாநிலக் கருவூலர்' என்னும் முன்மொழிவு

அன்புள்ள குழுமத்தினருக்கு,

வணக்கம். அமெரிக்க மாநிலங்களில் பொதுப் பணத்தைக் காக்கும் 'ஸ்டேட் டிரஷரர்' என்ற பதவிக்குத் தமிழில் என்ன சொல்வது என்று சென்ற வாரம் தொடங்கிய இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்துள்ளன: நிதியமைச்சர், பொருளாளர், திறைசேரியாளர், கருவூல அலுவலர். நான்கையும் படித்த பிறகு எனக்கு ஐந்தாவதாக ஒன்று தோன்றியது. அது 'மாநிலக் கருவூலர்'. ஏன் இதைச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இழையைத் தொடங்கிய நண்பர், கலிபோர்னியாவில் இந்தப் பதவியில் இருப்பவரை 'கலிபோர்னியாவின் நிதியமைச்சர்' என்று ஒரு தமிழ்ச் செய்தியில் பார்த்ததாக எழுதியிருந்தார். இதைச் சொல் நயக் குறைவு என்று விட்டுவிட முடியாது, இது பொருட்பிழை. அந்த மாநிலத்தின் வரவு செலவுத் திட்டத்தை ஆளுநருக்காக உருவாக்கும் நிதித்துறை இயக்குநர் ஆளுநரால் அமர்த்தப்படுபவர். வந்த கோரிக்கைகளைச் சரிபார்த்து, இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று 'வாரண்ட்' எனப்படும் பணவழங்கு ஆணையை எழுதுபவர் கன்ட்ரோலர்; இவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். மூன்றாவதாக வருபவர்தான் நம் டிரஷரர். அவரும் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். மாநிலத்தின் பணத்தை வங்கிகளில் வைப்பதும், உடனே தேவைப்படாத தொகையை முதலீடு செய்வதும், மாநிலத்தின் பெயரில் கடன் பத்திரங்களை விற்பதும், கன்ட்ரோலர் எழுதிய ஆணைக்குப் பணம் கொடுப்பதும் அவர் வேலை. வரி விதிப்பது, வரி தண்டுவது, எந்தத் துறைக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது ஆகிய எதுவும் அவர் கையில் இல்லை. ஆளுநரின் அமைச்சரவை என்ற ஒன்றுக்கு அவர் கட்டுப்பட்டவரும் அல்லர்; ஆளுநர் ஒரு கட்சியிலும் இவர் இன்னொரு கட்சியிலும் இருந்த காலங்கள் உண்டு. இப்படிப்பட்டவரை அமைச்சர் என்றால், தமிழ் வாசகர் மனத்தில் சட்டமன்றத்தில் நிதிநிலை அறிக்கை வாசிக்கும் ஒருவரின் உருவமே எழும்.

மூவரின் வேலையும் எப்படிப் பிரிந்து நிற்கிறது என்பதை 2009ஆம் ஆண்டு கோடையில் நடந்ததை வைத்துப் பார்க்கலாம். வரவு செலவுப் பற்றாக்குறையைத் தீர்க்க உடன்பாடு ஏற்படாமல் மாநிலத்தின் கையிருப்பு வற்றிப்போனபோது, கன்ட்ரோலராக இருந்த ஜான் சியாங், ஜூலை 2 முதல் சில வகைக் கொடுப்பனவுகளுக்கு உடனே பணமாகாத, பின்னொரு நாளில் வட்டியோடு பணமாகும் 'பதிவு செய்யப்பட்ட வாரண்ட்'டுகளை வழங்கினார். மக்கள் அவற்றைக் கடன் சீட்டு என்றே அழைத்தார்கள். அந்தச் சீட்டுகளுக்கு 3.75 விழுக்காடு வட்டி என்று முடிவு செய்தது, டிரஷரர், கன்ட்ரோலர், நிதித்துறை இயக்குநர் ஆகிய மூவரும் உறுப்பினராக உள்ள முதலீட்டு வாரியம். ஆணை எழுதியவர் ஒருவர், பெட்டியில் பணம் இல்லை என்ற நிலையில் நின்றவர் மற்றொருவர், திட்டத்தை வகுத்தவர் மூன்றாமவர். அப்போது கன்ட்ரோலராக இருந்த அதே ஜான் சியாங், 2015இல் டிரஷரர் ஆனார். 'நிதி அதிகாரியாக இருந்தவர் நிதி அதிகாரியானார்' என்று இதை மொழிபெயர்க்க நேர்ந்தால் நம் சொற்கள் தோற்றுவிட்டன என்றுதான் பொருள். கன்ட்ரோலரைக் கணக்காயர் என்று வைத்து, 'கணக்காயராக இருந்தவர் கருவூலரானார்' என்றால் வாக்கியம் நிற்கிறது. தமிழ்நாட்டில் 'மாநிலக் கணக்காயர்' என்ற சொல் ஏற்கெனவே வேறொரு அலுவலகத்துக்கு வழங்குவதை அறிவேன். அந்தச் சிக்கலுக்குக் கடைசியில் வருகிறேன்.

அடுத்தது 'பொருளாளர்'. இது நல்ல தமிழ்ச் சொல். சங்கம், கட்சி, அறக்கட்டளை எதுவானாலும் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பெயரும் ஒன்றாகவே நம் வாயில் வருகின்றன. எம்.ஜி.ஆர். தி.மு.க.வின் பொருளாளராக இருந்ததும், 1972இல் கட்சியின் கணக்கைக் கேட்டதும், அதையொட்டி நீக்கப்பட்டதும் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அந்த அளவுக்கு இந்தச் சொல் அமைப்புகளின் உள்விவகாரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'டெக்சாஸ் மாநிலப் பொருளாளர் ஆன் ரிச்சர்ட்ஸ்' என்று எழுதினால், அவர் ஏதோ ஒரு கட்சியின் டெக்சாஸ் கிளைக்குப் பொருளாளர் என்றே பத்தில் ஒன்பது பேர் படிப்பார்கள். உண்மையில் அவர் 1983 முதல் 1991 வரை அந்த மாநில அரசின் டிரஷரராக இருந்து, பின்னர் ஆளுநரானவர். 'மாநில' என்ற அடைமொழி நம் கட்சிப் பொறுப்புகளுக்கும் அப்படியே வருவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

'திறைசேரி' என்ற சொல்லின் மேல் எனக்குத் தனிப்பட்ட மதிப்பு உண்டு. ஆங்கிலச் சொல்லின் ஒலியையும் ஏற்றுக்கொண்டு, 'திறை' என்ற நம் பழஞ்சொல்லையும் உள்ளே வைத்திருக்கும் இது, இலங்கையில் அரசு ஆவணங்களிலும் நாளேடுகளிலும் வேரூன்றிவிட்டது. திறைசேரி உண்டியல் (அரசு வாங்கும் குறுகிய காலக் கடனுக்கான பத்திரம்) என்றால் அங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆகவே இலங்கை வாசகர்களுக்கு எழுதுவோர் 'திறைசேரியாளர்' என்று எழுதினால் நான் மறுக்க மாட்டேன். பதிவில் அதையும் இணைச்சொல்லாகக் குறிக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனாலும் முதற்சொல்லாக அதை வைக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. திறை என்பது அடங்கிய மன்னன் மேலவனுக்குச் செலுத்துவது. அது பணம் உள்ளே வரும் வழியைச் சுட்டுகிறது. இந்தப் பதவியோ, உள்ளே வந்துவிட்ட பணத்தின் காவலைப் பற்றியது.

காவல் என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்தப் பதவியின் வரலாறு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 1780ஆம் ஆண்டு அரசமைப்பைப் பாருங்கள். அங்கே இந்தப் பதவிக்கு டிரஷரர் மற்றும் ரிசீவர் ஜெனரல் என்று பெயர். தொடர்ச்சியாக ஐந்தாண்டுகளுக்கு மேல் ஒருவர் அந்தப் பதவியில் இருக்கக் கூடாது என்று விதித்தவர்கள், அதற்கான காரணத்தையும் விதிக்குள்ளேயே எழுதி வைத்தார்கள்: கணக்கு முடித்துப் பார்க்கும்போது பொதுக் கருவூலத்தில் எஞ்சியிருக்கும் பணம் தங்களுடைய உடைமைதான் என்று குடிமக்கள் அவ்வப்போது உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே அது. பெட்டியின் சாவி ஒருவரிடமே நெடுங்காலம் இருந்தால், உள்ளே இருப்பது ஊர்ப் பணமா அவர் பணமா என்பது ஒருநாள் தெரியாமல் போய்விடும் என்ற அச்சம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. என் வாசிப்பில் இந்தப் பதவிக்கான மிகச் சிறந்த விளக்கம் இதுதான். கலைச்சொல் இந்த விளக்கத்திலிருந்து பிறக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்த அச்சம் வீண் அன்று என்பதை நூறாண்டு கழித்து கென்டக்கி மாநிலம் பட்டு அறிந்தது. அங்கே 'நேர்மையான டிக்' என்று மக்கள் செல்லமாக அழைத்த ஜேம்ஸ் டேட், 1868 முதல் இருபது ஆண்டுகள் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு டிரஷரராக இருந்தார். 1888 மார்ச் மாதம் அவர் அலுவலகத்தில் பொன் நாணயங்களையும் வெள்ளி நாணயங்களையும் இரண்டு சாக்குகளில் நிரப்பியதை அங்கிருந்த எழுத்தர் ஒருவர் பார்த்திருக்கிறார். அதில் அவருக்கு ஐயம் ஏதும் எழவில்லை. டேட் ஊரை விட்டுப் போனார், திரும்பவே இல்லை. பெட்டகத்தைத் திறந்து கணக்குப் பார்த்தபோது ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டாலர் குறைந்தது. பணம் இருக்க வேண்டிய இடத்தில், தெரிந்தவர்களுக்கு அவர் கடன் கொடுத்ததற்கான கைச்சீட்டுகள் கிடந்தன. 1891இல் அந்த மாநிலம் இயற்றிய புதிய அரசமைப்பு, மாநில அளவில் தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரிகள் அடுத்தடுத்து இருமுறை பதவி வகிப்பதையே தடுத்தது. அந்தத் தடை 1992இல்தான் தளர்த்தப்பட்டது. ஒரு மனிதர் தூக்கிச் சென்ற இரண்டு சாக்குகள் ஒரு மாநிலத்தின் அரசமைப்பை நூறாண்டுக் காலம் கட்டிப்போட்டன.

இனி 'கருவூலர்' என்ற சொல்லின் அமைப்புக்கு வருகிறேன். நூலகம் - நூலகர் என்பது நமக்குப் பழகிய வடிவம். நூலகர் நூல்களின் உடைமையாளர் அல்லர்; அவற்றைக் காத்து, முறைப்படி வழங்கி, கணக்கு வைப்பவர். கருவூலர் என்ற சொல்லும் அதே உறவைத்தான் சொல்கிறது. மருத்துவம் - மருத்துவர், ஓவியம் - ஓவியர் என்று 'அம்' ஈறு கெட்டு 'அர்' சேர்வதும் இயல்பானதே. ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்துவது இன்னொரு வசதி. தஞ்சைக் கல்வெட்டுகளில் வரும் ஸ்ரீபண்டாரம் (கோயில் கருவூலம்), பண்டாரி (அதைக் காப்பவர்) என்பவற்றை ஒருவர் நினைவூட்டியிருந்தார். பண்டாரம் என்றால் இன்று வேறு பொருள் முந்திக்கொண்டு வருவதால் அந்த வழியை விட்டுவிடலாம். கஜானா, பொக்கிஷம் முதலியவை கதையில் நன்றாக இருக்கும். அலுவலகப் பெயருக்கு உதவா.

'கருவூல அலுவலர்' என்பதே போதாதா என்ற கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் மாவட்டக் கருவூலத்துக்கும் சார் கருவூலத்துக்கும் ஓய்வூதியத்துக்காக ஒருமுறையாவது போகாத அரசு ஊழியர் குடும்பம் அரிது. என் தந்தையாரோடு நானும் ஒருமுறை அங்கே வாழ்வுச் சான்றுக்காக வரிசையில் நின்றிருக்கிறேன். சாளரத்துக்கு அந்தப் பக்கம் தடித்த பேரேட்டில் பெயரைத் தேடி விரலை வைத்தவரைத்தான் 'கருவூலத்துக்காரர்' என்று அப்பா சொன்னார். அவர் பணி மரியாதைக்குரியது. ஆனால் அது ஒரு துறையின் கீழ் உள்ள பணி. மாநிலம் முழுவதும் வாக்குக் கேட்டு வென்று வருபவருக்கு 'அலுவலர்' என்ற ஈறு பொருந்தாது. இரண்டு சொல்லும் ஒரே வேரில் கிளைத்து, ஈற்றால் வேறுபட்டு நிற்பது எனக்கு நிறைவாகவே இருக்கிறது.

சொல்லைச் சோதிக்க ஒரு டாலர் தாளை எடுத்துப் பார்த்தேன். வாஷிங்டன் படத்தின் இடப்பக்கம் ஒரு கையொப்பம், வலப்பக்கம் ஒரு கையொப்பம். இடப்பக்கத்தது அமெரிக்க ஒன்றியத்தின் டிரஷரர் இட்டது. வலப்பக்கத்தது கருவூலத் துறையின் செயலர் இட்டது. செயலர் அமைச்சருக்கு நிகரானவர். மற்றவர் அப்படி அல்லர். 'கருவூலர்', 'கருவூலத் துறைச் செயலர்' என்று எழுதினால் இந்த வேறுபாடு தானே விளங்குகிறது. ஐவி பேக்கர் பிரீஸ்ட் என்ற அம்மையார் 1953 முதல் 1961 வரை ஒன்றியத்தின் கருவூலராக இருந்து, 1967இல் கலிபோர்னியாவின் மாநிலக் கருவூலரானார். ஒரே சொல் இரண்டு இடத்திலும் பொருந்துகிறது.

இப்போதெல்லாம் யார் நாணயத்தைக் காக்கிறார்கள், எல்லாம் முதலீடுதானே என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்த மறுப்புக்கு வலு உண்டு. பிரீஸ்ட் அம்மையாருக்குப் பின் 1975இல் வந்த ஜெஸ்ஸி அன்ரூ, அதுவரை பலர் கவனிக்காத அந்த அலுவலகத்தின் கடன் பத்திர அதிகாரத்தையும் ஓய்வூதிய நிதி வாரியங்களில் அதற்குள்ள இடத்தையும் பயன்படுத்தி, பெருநிறுவனங்களே செவிசாய்க்கும் பதவியாக அதை மாற்றினார். 1985இல் நிறுவன முதலீட்டாளர்களின் மன்றம் ஒன்று உருவாவதற்கும் முன்னின்றார். ஆனால் முதலீடும் காவலின் ஒரு வகையே என்பதை 1994 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) காட்டியது. அந்தக் கவுண்டியின் கருவூலரும் வரி தண்டலருமான ராபர்ட் சிட்ரான், கடன் வாங்கி முதலீட்டைப் பெருக்கி, வட்டி விகிதம் ஏறியபோது 160 கோடி டாலர் அளவுக்கு இழப்பை உண்டாக்கினார்; கவுண்டி நொடிப்பு மனு கொடுத்தது. அங்கே சாக்கு எதுவும் தூக்கப்படவில்லை. ஆயினும் மக்கள் கேட்ட கேள்வி கென்டக்கியில் கேட்ட அதே கேள்விதான்: எங்கள் பணம் எங்கே?

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலிய மாநிலங்களில் டிரஷரர் என்றால் நிதிநிலை அறிக்கை அளிக்கும் அமைச்சரே. நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் ஜாக் லாங், டிரஷரர் பொறுப்பையும் தாமே வைத்திருந்து, 1932இல் மாநிலப் பணத்தை வங்கிகளிலிருந்து எடுத்து ரொக்கமாக வைத்ததையொட்டி ஆளுநரால் நீக்கப்பட்டார். அங்கே 'நிதியமைச்சர்' என்பதே சரி. ஆங்கிலத்தில் ஒரு சொல் இருப்பதால் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்பதில்லை.

அமெரிக்காவிலும் எல்லா இடத்திலும் இந்தப் பதவி ஒரே மாதிரி இல்லை. மேரிலாந்தில் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது; நியூ ஜெர்சியில் ஆளுநர் அமர்த்துகிறார். டெக்சாஸ் வாக்காளர்கள் 1995இலும் மின்னசோட்டா வாக்காளர்கள் 1998இலும் பதவியையே நீக்க வாக்களித்தார்கள். ஆகவே 'தேர்ந்தெடுக்கப்பட்ட' போன்ற அடைமொழியைச் சொல்லுக்குள் நுழைக்க வேண்டாம்.

பதிவுக்கு என் வரைவு:

மாநிலக் கருவூலர் (இணைச்சொல்: திறைசேரியாளர், இலங்கை வழக்கு): அமெரிக்க மாநிலம் ஒன்றின் பொதுப் பணத்தைக் காத்து, முதலீடு செய்து, முறையான ஆணையின் பேரில் வழங்கும் பதவியினர். ஆஸ்திரேலிய மாநிலங்களுக்கு 'நிதியமைச்சர்' காண்க.

கன்ட்ரோலருக்கு 'கணக்காயர்' என்றே வைப்பதா, தமிழ்நாட்டு அலுவலகத்தோடு மயங்காமலிருக்க 'கணக்குக் கட்டுப்பாட்டாளர்' என்பதா என்பதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. கணக்குத் துறையில் பணியாற்றிய உறுப்பினர்கள் இதற்கு மட்டும் தனி இழையில் எழுதினால் நன்றியுடையவனாவேன்.